கூம்பு ஸ்பீக்கரும் லூர்துமேரியும்

ஆடி வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் சிம்மக்கல் பக்கம் வந்து பாருங்கள். பேச்சியம்மன் படித்துறை வழியாக எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் உங்களுக்கு முன்னால் ஒரு குரல் நுழைந்திருக்கும். கூழ் அண்டா அடுப்பில் ஏறுவதற்குள் மைக்செட்காரர் எல்.ஆர்.ஈஸ்வரியை ஏற்றிவிடுவார். தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள், பத்துப் பேருக்கும் பாட்டு மனப்பாடம். 'அந்த ஆல்பம் எப்படி?' என்று கேளுங்கள், முழிப்பார்கள். ஆல்பமா? அது ஆடி மாசம் சார்!

கஷ்டமே இதுதான். மழைக்கு யாராவது விமர்சனம் எழுதுவார்களா? இசைத்தட்டில் ஆரம்பித்து கேசட், சி.டி., இப்போது செல்போன் என்று உருமாறி வந்திருக்கும் ஈஸ்வரியின் அம்மன் பாடல்களை நாம் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். என் கட்சி என்னவென்றால், முழு ஈஸ்வரி கிடைப்பது இங்கே மட்டும்தான்.

சினிமா அவரைப் பங்கு போட்டுத்தான் வாங்கியது. 1961-ல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டில் தோழியாக வந்து ஜெயித்தார். அப்புறம்? மெலடி எல்லாம் சுசீலாவுக்குப் போக, கிளப் டான்ஸ், சிரிப்பு, சிணுங்கல், ஏக்கப் பெருமூச்சு எல்லாம் இவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. 'சிவந்த மண்' (1969) படத்தில் சவுக்கடிக்கு நடுவே ஒரு பாட்டு. 'பணமா பாசமா'வில் (1968) இலந்தைப் பழம் விற்கும் பாட்டு. 'வெள்ளி விழா'வில் (1972) வி.குமார் அவரை ரகசியம் பேசுகிற மாதிரிப் பாட வைத்தார். எல்லாமே பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் குரல் ஒரு வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. யாரோ ஒரு நடிகையின் இடுப்புக்கும் கண்ணுக்கும் அது வாடகைக்குப் போயிருக்கிறது.

அம்மன் பாடல்களில் வாயசைக்க யாரும் இல்லை. வேஷமும் இல்லை.

'செல்லாத்தா'வை ஒருமுறை ஸ்பீக்கரில் அல்லாமல் ஹெட்போனில் கேளுங்கள். கும்மியடிக்கிற நடை. பேரைக் கவனித்தீர்களா? செல்லமும் ஆத்தாவும் ஒட்டிக்கொண்ட பேர். உலகத்தையே பெற்றவளை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிற தைரியம் அதில் இருக்கிறது. அந்தத் தைரியத்தை ஈஸ்வரி குரலில் கொண்டுவருகிறார். கெஞ்சலும் அதட்டலும் ஒரே மூச்சில் வருகின்றன. 'கற்பூர நாயகியே' இன்னும் கஷ்டமான வேலை. சரணத்துக்குச் சரணம் அதே மெட்டு. சாதாரணப் பாடகர் என்றால் மூன்றாவது சரணத்தில் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். இவர் சங்கதி போட்டு வித்தை காட்டுவதில்லை. பிடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில் அது பாட்டாக இல்லை, பிராது.

ஒரு டெக்னிக்கல் விஷயம். கூம்பு ஸ்பீக்கர் அடித்தொனியை முழுசாகச் சாப்பிட்டுவிடும். நயமான குரல்கள் அதில் நசுங்கிப்போகும். ஈஸ்வரியின் குரலில் இருக்கிற அந்தக் கூர்மை, ஸ்டுடியோவில் சிலர் 'கரகரப்பு' என்று முகம் சுளிக்கக்கூடியது, தகரக் கூம்பைக் கிழித்துக்கொண்டு நாலு தெரு தாண்டிப் போய்விடுகிறது.

அமெரிக்காவில் அரேதா ஃப்ராங்க்ளின் என்று ஒரு மகாராணி இருந்தார். 'ஸோல்' இசை என்றாலே அவர்தான். பாதிரியார் மகள். புகழின் உச்சியில் இருந்தபோது, 1972 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சர்ச்சுக்குப் போய் இரண்டு ராத்திரி பக்திப் பாட்டாகப் பாடித் தள்ளினார். 'அமேஸிங் கிரேஸ்' என்ற அந்த ஆல்பம்தான் அவருடைய ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. அப்போது எடுத்த படம் 2018-ல்தான் திரைக்கு வந்தது. அங்கே அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அரேதா தன் வீட்டுச் சாமியிடம் திரும்பிப் போனவர். நம்முடையவரின் முழுப்பெயர் லூர்துமேரி ராஜேஸ்வரி. கத்தோலிக்கக் குடும்பம், பெற்றோருக்குப் பூர்வீகம் பரமக்குடி பக்கத்து இளையான்குடி. மாரியம்மனுக்கு இவர் பாடினார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இந்த விவரம் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் வால்யூமைக் குறைத்ததும் இல்லை.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் பார்க்காமல் விடாது. ஆடி மாசம் தமிழ்நாட்டில் இந்தப் பாட்டுகள் எத்தனை தடவை ஒலிக்கும்? நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பாடகர்களுக்கு ராயல்டி உரிமை என்று ஒன்றைச் சட்டம் தெளிவாக எழுதியது 2012 திருத்தத்தில்தான். அதிலும் கோயில் திருவிழாவுக்குப் பிரயோஜனமில்லை. பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, உண்மையான மதச் சடங்கில் பாட்டுப் போட்டால் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. சட்டம் நியாயமானதுதான், ஆத்தாளுக்கு பில் போட முடியுமா? ஆனால் அதிகம் கேட்கப்பட்ட பாட்டுக்கு லெட்ஜரில் பைசா ஏறாது என்பது வினோதமான வியாபாரம்.

குறையே இல்லையா? இருக்கிறது. எல்லாப் பாட்டும் தேறாது. சிலவற்றில் ஊர்ப்பேரை வரிசையாக அடுக்கியதற்கு மேல் ஒன்றுமில்லை. இவரைப் பார்த்துக் கிளம்பிய காப்பிகள் தனிக் கொடுமை. சத்தமாகப் பாடினால் ஈஸ்வரி ஆகிவிடலாம் என்று நினைத்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு முன்னால் ஸ்பீக்கர் கூடாது என்று 2000-ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த ஆல்பத்தைப் பற்றி வேறு விமர்சனம் கிடைக்கும்.

சினிமா அவரை மறந்தேபோய், பிறகு 2011-ல் 'ஒஸ்தி'யில் ஒரு குத்துப் பாட்டுக்குக் கூப்பிட்டது. 2020-ல் 'மூக்குத்தி அம்மன்' படத்துக்கு 'ஆடி குத்து'. எண்பது வயசு அப்போது. சினிமாவே அம்மன் பாட்டுக்காக அவர் வாசலுக்கு வந்து நின்றது. கேட்டுப் பாருங்கள், மூச்சு கொஞ்சம் குறைந்திருக்கும். அதட்டல் அப்படியே இருக்கிறது.