கோட்டை விடாத வாள்

மதுரை–கொல்லம் சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் பால்கோவா, ராஜபாளையம் வந்தால் பஞ்சாலை என்பார்கள். என் கண் போவது மர அறுவை மில்லில் ஓடும் பேண்ட்சா என்ற வளைய வாள் மெஷின் மேல்தான்.

நல்ல மிஸ்திரி மரத்தைத் தொடுமுன் வாளைப் பார்ப்பார். டென்ஷன் ஏற்றி, மேல் சக்கரத்தைக் கையால் சுற்றி, வாள் நடுவில் நிலைக்கிறதா என்று கவனிப்பார். பக்கத்துக் கைடுகளுக்கும் வாளுக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால் போதும். பின்புற பேரிங் சும்மா ஓடும் வாளைத் தொடாது. மரம் நெருக்கும்போதுதான் முதுகைத் தாங்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வாள் கோட்டை விட்டு விலகினால் பல்லைப் பார்க்க வேண்டும். பற்கள் மாறிமாறி இடமும் வலமும் சாய்ந்திருக்கும். பழைய உத்தரத்துக்குள் ஒளிந்திருந்த ஆணி பட்டு ஒரு பக்கம் மழுங்கினால், கூராக உள்ள பக்கம் வாளை இழுத்துக்கொண்டு போய்விடும். பழி என்னவோ மெஷினுக்கு!

ஆடிப்பூரத்து ஆண்டாள் தேரை முட்டுக்கட்டை போட்டுத் திருப்பலாம். ஆனால் வாளைப் பக்கவாட்டில் நெருக்கினால் சூடேறி முறுக்கிக்கொள்ளும். அதனால் கழிவுத் துண்டில் கோடு போட்டு, கைப்போக்கில் பாதி அறுத்து நிறுத்துவார்கள். அப்போது துண்டு நிற்கிற சாய்வுக்கே, மரத்துக்கு அணைவாக நிற்கும் பக்கச் சட்டத்தையும் வைத்துவிடலாம். லேசான விலகலுக்கு இது போதும். மழுங்கின வாளைச் சாணைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தள்ளும் கை அவசரப்பட்டாலும் வம்புதான். பல்லிடுக்கில் தூள் அடைத்து, அறுத்த முகம் நடுவில் வளைந்துவிடும்.