சென்சாரைக் கழற்றும் முன்

ஸ்பீடோமீட்டர் முள் எழும்பவில்லை, செக் என்ஜின் விளக்கு அணையவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் பி0500 என்ற பிழைக் கோடு வருகிறது. "ஸ்பீடு சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது பழகிப்போன பேச்சு. கோடைப் பார்த்ததும் பாகத்தை மாற்றும் இந்த வழக்கத்தை அடியோடு தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பழைய காரில் இதனால் கெடுவது காசு மட்டுமில்லை. பிரேக்கும் சேர்ந்து கெடலாம்.

முதலில் அதன் பக்க நியாயம். பல கார்களில் வேக சென்சார் கியர்பாக்ஸின் மேல் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். கப்ளரைப் பிடுங்கி, போல்ட்டைக் கழற்றி, புதிதை ஓ-ரிங்கோடு இறக்கினால் வேலை முடிந்தது. சூட்டிலும் ஆயிலிலும் வருடக்கணக்கில் ஊறிய சென்சார் உள்ளுக்குள் செத்துப்போவதும் உண்மைதான். ஒயரிங்கைத் தேடிப் போகும் கூலி, சில சமயம் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். அதே மாடல் காரிலிருந்து நன்றாக ஓடும் சென்சாரைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனையும்கூட.

தகராறு கோடைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. காரின் கம்ப்யூட்டருக்கு வேகத் தகவல் சரியாக வந்து சேரவில்லை என்பதுதான் பி0500 சொல்லும் சேதி. சென்சாரைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், கப்ளர் பின்னில் பச்சை பூத்திருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், நடுவே ஒயர் அறுந்திருக்கலாம். ஒரே சென்சார் மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் தகவல் தரும் காரில், முள் ஒழுங்காக ஆடிக்கொண்டே இந்தக் கோடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரைத்தான். மூன்று ஒயர் சென்சார் என்றால் சாவியைத் திருப்பி, கப்ளரில் கரண்டும் எர்த்தும் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். கப்ளரைத் திரும்ப மாட்டி, ஜாக்கியில் ஏற்றிய சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். சில நிமிட வேலை.

எந்த சென்சார் என்பதும் ஒரு கேள்வி. ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் வேக சென்சாரே இரண்டு. வால்வோ 240-இல் அது பின் டிஃபரன்ஷியலில் உட்கார்ந்திருக்கும். கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர் கொண்ட சில பழைய சுஸுகிகளில் மீட்டருக்குள்ளேயே சின்ன ரீட் சுவிட்ச்சாக இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் சக்கர சென்சாரிலிருந்தே வேகத்தை எடுத்துக்கொள்ளும் கார்களில், கியர்பாக்ஸில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த மாடலின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் கடையில் பாகம் கேட்பது அவசரம்.

சக்கரத்துக்கு வந்தால் விஷயம் கனக்கிறது. காந்தமும் காயிலும் கொண்ட பழைய வகை சக்கர சென்சாரில், வேகம் குறையக் குறைய சிக்னலும் மெலிந்துகொண்டே போகும். சென்சார் உட்காரும் பரப்பில் துரு பூத்தால், அது சென்சாரை மேலே தூக்கிவிடும். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்துக்கும் சென்சாருக்குமான இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழேயும் இருக்கும் இடத்தில், அந்தத் துரு போதும். டிராஃபிக் சிக்னலில் வண்டி நிற்கப்போகும் கடைசி சில அடியில், அந்தச் சக்கரம் மட்டும் நின்றுவிட்டது என்று ஏபிஎஸ் நம்பிவிடும். பெடல் கடகடக்கும், பிரேக் தளரும். விளக்கு எரியாமலும் கோடு பதியாமலும் இது நடக்கலாம். கோடை மட்டும் நம்பும் ஒர்க்‌ஷாப், வண்டியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடும். 2005-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் பிக்கப், எஸ்யூவி வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே கோளாறுக்குத்தான். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களின் வண்டிகள் அவை. சென்சார் உட்காரும் பரப்பைச் சுத்தம் செய்து துருத் தடுப்பு பூசுவதே அந்தச் சீரமைப்பின் முக்கிய வேலை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கும் இது பொருந்தும்.

துருப்பிடித்த சென்சாரை நெம்பினால் தலை உடைந்து அடிப்பகுதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு டிரில் போட வேண்டும். நல்ல சென்சாரைச் சந்தேகத்தின் பேரில் உடைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் புதிதுக்குக் காசு கேட்பது எனக்கு ஒப்பவில்லை. புதிய வகைகளில் இன்னொரு வம்பு உண்டு: பல கார்களில் பல்வளையத்துக்குப் பதிலாக வீல் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தப்பட்டை இருக்கும். பேரிங்கைத் திருப்பி அழுத்திவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். பழி சென்சார்மேல் விழும், எத்தனை சென்சார் மாற்றினாலும் விளக்கு அணையாது.

ஸ்கேனரைக் குறை சொல்வதற்கில்லை. ஏபிஎஸ் தகவலைப் படிக்கும் ஸ்கேனராக இருந்தால், நான்கு சக்கரத்தின் வேகத்தையும் வண்டி ஓடும்போதே பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மெதுவாக ஓட்டி நிறுத்தினால் எந்தச் சக்கரம் முந்திக்கொண்டு சுழிக்கு விழுகிறது என்பது திரையிலேயே தெரியும். இந்த வசதி இருந்தும் கோடோடு நிறுத்திக்கொள்வதற்கு, மெக்கானிக்கின் திறமைக் குறைவைவிட நாம் காசு கொடுக்கும் முறையே பெரிய காரணம். பாகத்துக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் குனிந்து ஒயரைத் தேடிக் கண்டுபிடித்தவரிடம், "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு இவ்வளவு?" என்கிறோம். அவரும் அந்த உழைப்பை ஒரு சென்சாரின் விலைக்குள் ஒளித்துவைக்கிறார். பில்லில் சோதனைக்கென்று தனியாக ஒரு வரி போட்டு, அதைத் தயங்காமல் கொடுக்கும் வாடிக்கையாளர் வந்தால்தான் மல்டிமீட்டர் முதலில் வெளியே வரும். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்தக் கார்களும் ஒவ்வொன்றாகப் பழசாகத் தொடங்கிவிட்டன.