சூரியன் இல்லாத ஊரில் பொங்கல்

ட்ரோம்சோ! பேரைச் சொன்னாலே எனக்கு வாயெல்லாம் பல். பெங்களூர் ஈஜிபுராவில், தண்ணி லாரி நுழைந்தால் ஆட்டோ நுழைய முடியாத சந்தில் உட்கார்ந்துகொண்டு, ஆர்க்டிக் வட்டத்துக்கும் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் நார்வே ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அதுவும் ஜனவரியில்! வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசினால் நான் ட்ரோம்சோவை ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

ஏன் ஜனவரி? கேளுங்கள், கேளுங்கள். நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனால் மறுபடி மேலே வருவது ஜனவரி 15 வாக்கில், அதாவது நம்ம தைப்பொங்கல் சமயம்! வந்தாலும் சுற்றியிருக்கும் மலைகள் மறைத்துவிடுவதால் ஊர்க்காரர்கள் கண்ணில் படுவது 21-ஆம் தேதிதான். அன்றைக்கு ஊரே சோல்பொல்லர் தின்னுமாம். உள்ளே ஜாம் வைத்து, எண்ணெயில் பொரித்து, சர்க்கரை தூவிய உருண்டை. சூரியன் வந்த சந்தோஷத்துக்கு ஒரு பலகாரம்! இதை நள்ளிரவில் படித்தபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து "நம்மாளுங்கடா!" என்று கத்தினேன். தூங்கிக்கொண்டிருந்த மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அம்மாவுக்கோ வேறு கவலை. "சூரியனே இல்லாத ஊர்ல பொங்கலை யாருக்குடா படைப்பே?" அதற்கும் வழி வைத்திருக்கிறேன். அந்த நாட்களிலும் முழு இருட்டெல்லாம் இல்லை, நடுப்பகலில் சில மணி நேரம் பனியெல்லாம் நீலமாகிற ஒரு வெளிச்சம், தெற்கு ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. அதனால் வாடகை வீட்டுக் கரண்டு அடுப்பில் பொங்கல் வைத்து, தெற்கே பார்த்துப் படைக்கப் போகிறேன் என்றேன். "தெற்கா? எமன் திசையாச்சேடா!"

அப்புறம் ஜாக்கெட். ஐயோ, அந்த ஜாக்கெட்! விளையாட்டுச் சாமான் கடையில் மாட்டிப் பார்த்தேன், வாத்து இறகு அடைத்தது, கையை மடக்கினால் புஸ்ஸென்று ஒரு சத்தம், கழுத்துவரை ஜிப்பை இழுத்ததும் வெளி உலகமே அடங்கிப்போய் என் மூச்சு மட்டும் கேட்டது. "எல்லிகே சார், லடாக்கா?" என்றான் கடைப் பையன். "நார்வே!" நாலு வரிசை தள்ளி இருந்தவர்களும் திரும்பினார்கள், அதற்காகத்தானே அப்படிச் சொன்னேன். வாங்கியதைப் பையில் போட மனசு வரவில்லை, மாட்டிக்கொண்டே நடந்தேன், 2017-ல் வேலை தொடங்கி வருஷக்கணக்காக இழுத்த நம்ம ஈஜிபுரா மேம்பாலத் தூண்களுக்குக் கீழே, மத்தியான வெயிலில், முதுகில் வேர்வை ஆறாக ஓட, சுடச்சுட ஒரு டீ வேறு குடித்தேன். டீக்கடைக்காரர் "ஜுரமா சார்?" என்றார்.

இப்போது குளிரைப் பற்றி நான் ஒரு பண்டிதன். உடம்போடு கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதற்கும் மேலே காற்றுப் புகாத உறை. பருத்தி பனியன் கூடவே கூடாது, வேர்வையைப் பிடித்துவைத்து உடம்பை நடுங்கவிடும். பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் 7.8 டிகிரி, ட்ரோம்சோவில் ஜனவரி சராசரியே மைனஸ் மூணு, நாலு டிகிரி. அவ்வளவுதான்! அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தத் துறைமுகத்தை உறையவிடாமல் காக்கிறது. நமக்கு முன்னாலேயே நம் ஜனங்கள் அந்தக் குளிரைப் பார்த்தாயிற்று: யாழ்ப்பாணத்துக் குருநகர் அந்தோனி ராஜேந்திரம் 1956-லேயே நார்வே போனவர், பின்னால் ட்ரோம்சோவுக்கும் வடகிழக்கே ஃபின்மார்க் மீன் ஆலைகளில் எத்தனையோ ஈழத்தமிழர்கள் வேலை செய்தார்கள். அவர்கள் பிழைக்கப் போனார்கள், நான் ஜாலிக்குப் போகிறேன், எனக்கென்ன நடுக்கம்!

விசாவா? ஆச்சு. முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், கைரேகை, எல்லாம் ஆச்சு. செலவு கொஞ்சம் அதிகம்தான், அதை விடுங்கள்.

இதை மட்டும் நினைத்துப் பாருங்கள். 21-ஆம் தேதி, கேபிள் காரில் ஏறி, கடல் மட்டத்துக்கு 421 மீட்டர் மேலே நிற்கிறேன், ஷூவுக்கு அடியில் பனியைக் கவ்வும் முள்பட்டை, தலையில் அம்மா திணித்த குரங்குக் குல்லா, கீழே கறுத்த கடல், பாலம், வெள்ளைக் கூரைகள், முந்தைய ராத்திரி நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாக எரிந்து ஆடிய ஆட்டத்தை வேறு பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் (பார்த்துவிடுவேன், பார்த்தே ஆக வேண்டும்), தெற்கே மலை விளிம்பில் ஒரு கீற்று, அது கொழுத்து, பொன்னாகி, மூக்கு நுனியில் சுடுகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சூடு, நான் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்துகிறேன், நார்வேக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் மறுபடியும் கத்துகிறேன்!

அன்றைக்கு மேகம் மூடிவிட்டால் என்ன செய்வாய் என்கிறாள் மனைவி. சோல்பொல்லர் இருக்கிறதே!