500 பிரதிகள்

சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த நண்பர், ஓசூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துக் கேட்டார்: "எம்.ஐ.ஏ.வோட 'கலாங்' முதல் தட்டு பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட இருக்காம். வாங்கலாமா தோழர்?" விலை, அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன வேகம்தான் பிறகு உறுத்தியது.

மாயா அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, எண்பதுகளில் அகதியாக லண்டன் திரும்பியவர். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்தார். அக்குழுப் பாடகியின் ரோலண்ட் 505 தாளக்கருவியில் தட்டிப் பழகியதில் பிறந்த பாட்டு இது. தலைப்பே ஜமைக்கப் பேச்சு. 'போய்க்கிட்டே இரு' என்பது போல. தமிழ் அகதி ஒருத்தி இன்னொரு குடியேறிகளின் வாயிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். 2003இல் ஷோபிஸ் என்ற சிறு கம்பெனி 500 தட்டுகள் அடித்தது. 2004இல் எக்ஸ்.எல். நிறுவனம் மறுபடி வெளியிட்டது. அப்படியானால் சேகரிப்பாளர் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்கு? பாட்டுக்கு அல்ல, அந்த எண்ணுக்கு. பயன்மதிப்பு கழன்றுபோன பரிவர்த்தனை மதிப்பு என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

முடியவில்லை. 500 என்பது நம்முடைய எண்ணும்கூட. சிறுபத்திரிகைகள் அடிப்பதே அவ்வளவுதான். முதல் இதழை இரவல் கொடுக்காமல் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற நாம்தான் (நானும்தான்) தட்டு சேர்ப்பவரைப் பார்த்து 'நுகர்வு வெறி' என்கிறோம். பெஞ்சமினே புத்தகம் சேர்த்த ஆள். 1931இல் அதைப் பற்றி வெட்கமில்லாமல் எழுதியும் இருக்கிறார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த மாதிரித் தட்டு கிளப்பில் ஓட்டித் தேய்க்கவே அடிக்கப்படுவது. கீறலே விழாத பிரதி என்றால் அது தன் வேலையைச் செய்யாத பிரதி. சந்தையில் அதற்குத்தான் விலை அதிகம். இந்தப் பாட்டு பரவியதும் தட்டால் மட்டுமல்ல. இணையத்தில் ஆளுக்கு ஆள் கைமாற்றிய கோப்புகளாலும்தான். உ.வே.சா. ஏடு தேடி அலைந்தது அச்சேற்றுவதற்கு, பூட்டி வைப்பதற்கல்ல. பக்கத்து பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகார உற்பத்திக்கு மூடுவிழா முடிவானது 2016இல். இப்போது அதன் 'ஜனதா' மாடலைத் தேடி அலைகிறார்கள். பல் சக்கரம் கோத்த கைகளை யாரும் தேடவில்லை. ஓசூர்க்காரனுக்கு இது தெரியாமல் போனால் எப்படி?

மறுநாள் நண்பருக்குப் போன் போட்டேன். எக்ஸ்.எல். பிரதி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், அந்த பாஸ் செல்போன் ஸ்பீக்கரில் வராது. முதல் தட்டுதான் வேண்டுமென்றால், கடைசிப் பள்ளத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் கீறியிருக்கும் எண்ணைச் சரிபாருங்கள், போலி நிறைய வருகிறது. "வாங்கினா ஞாயித்துக்கிழமை ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டணும், சரியா?" என்றேன்.

"பிளேயரே இல்லியே தோழர்" என்றார்.