காப்பியத் தலைவன் யார்?

ஹோமரின் ஒடிசியஸ் உண்மை வீரனா? 12 கப்பல்களோடு டிராய்ப் போருக்குச் சென்றவன். இறவா வாழ்வு தருவதாகக் கலிப்சோ கூறியும் மனைவியை மறவாதவன். இருபதாம் ஆண்டில் வீடு திரும்பினான்; ஆனால் தனியே திரும்பினான். தோழர் தம் மடமையால் அழிந்தனர் என்கிறார் கவிஞர். அது உண்மையே. எனினும், ஒற்றைக்கண் அரக்கனிடமிருந்து தப்பியபின் தன் பெயரை உரக்கக் கூவி, கடல்தெய்வத்தின் சினத்தை அனைவர் தலையிலும் ஏற்றியது அவனது புகழ்வேட்கையே அன்றோ?

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக்குத் தலைவராகத் தெரிந்துகொண்டது தச்சராகிய புனித சூசையப்பரை. வளன் எனத் தமிழ்ப்பெயரும் சூட்டினார். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசிய சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட தாயையும் சேயையும் இரவிலேயே எகிப்துக்கு அழைத்துச் சென்றார். இருவரையும் நலமே திரும்பக் கொணர்ந்தார்.

தன்னிகரில்லாத் தலைவனைக் கேட்கிறது தமிழ்க் காப்பிய இலக்கணம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் இரவுப்பணி முடித்து, பிள்ளைகள் விழிக்குமுன் வீடு சேரும் தந்தையர்க்கு அத்தலைவன் யாரென விளக்க வேண்டியதில்லை. ஒடிசியஸின் கதையை நாம் வியந்து படிப்போம். வாழ்வுக்கு வளனையே முன்மாதிரியாகக் கொள்வோம்.