அடைபட்டவளும் அவை ஏறியவளும்

சார்லட் பிராண்டி என்னும் போதகரின் மகள், கரர் பெல் என்ற புனைபெயரில் 1847ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஜேன் அயர்’ என்னும் புதினம், நம் கல்லூரிகளில் பாடநூலாகவும் நம் பிரசங்கங்களில் எடுத்துக்காட்டாகவும் வழங்கி வருகிறது. தாய் தந்தையற்ற பெண்ணொருத்தி செல்வர் ஒருவரின் இல்லத்தில் ஆசிரியையாகப் பணிபுரிகிறாள், அவரைக் காதலிக்கிறாள், திருமண ஆராதனையின் நடுவே அவருக்கு மனைவி ஒருத்தி உயிருடன் இருப்பதை அறிகிறாள், மறுநாள் விடியுமுன் வெளியேறுகிறாள். இவ்வெளியேற்றத்தைத் தூய்மையின் வெற்றியாகப் போதகர்கள் எடுத்துரைப்பர். அது தவறன்று. ஆயினும் ஜேன் வெளியேறிய பின்னும் அவ்வீட்டின் மூன்றாம் அடுக்கில் பூட்டிய அறைக்குள் அந்த மனைவி இருக்கிறாள். தேனி, கம்பம் பகுதிச் சேகரங்களில் ஊழியம் செய்யப்போகும் நம் மாணவர்கள் அவளைப் பற்றியும் சிந்திக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்கள் மனத்தில் முன்னரே உறைந்து கிடக்கும் மனித வார்ப்புகளைத் திறனாய்வாளர் தொல்படிமங்கள் என்பர். இப்புதினத்தில் அவை நிரம்ப உள்ளன. பக்தி வேடமிட்டுச் சிறுமியரைப் பட்டினி போடும் பிராக்கிள்ஹர்ஸ்ட் அவற்றுள் ஒன்று. ஆசிரியையின் மூத்த சகோதரியர் இருவர் 1825இல் இறக்கக் காரணமான போதகர் மகளிர் பள்ளியின் நினைவிலிருந்து பிறந்தவர் அவர். இருண்ட கடந்தகாலத்தையுடைய தலைவர் ராச்செஸ்டர் மற்றொன்று. விபசாரத்தைக் குறித்த மலைப்பிரசங்கப் பகுதியில் வரும் கண்ணும் கையும் (மத். 5:27–30) அவர் உடலிலேயே பறிக்கப்படுவதை வேதம் அறிந்த வாசகர் எளிதில் உணர்வர்.

நமக்கு நெருக்கமான பாத்திரம் செயின்ட் ஜான் ரிவர்ஸ். இந்தியாவுக்குப் புறப்படும் மிஷனரி. 1806இல் இந்தியா வந்து 1812இல் மறைந்த ஹென்றி மார்ட்டினின் சாயல் இவரில் உண்டு என்பர். ஆசிரியையின் தந்தை கேம்பிரிட்ஜில் பயின்றபோது மார்ட்டினின் உதவியைப் பெற்றவர். ரிவர்ஸ் ஜேனை மணக்க விரும்புவது அவள்மேல் கொண்ட அன்பினாலன்று, ஊழியத்திற்கு உதவுவாள் என்பதனால். சகோதரியாக உடன்வருகிறேன் என்கிறாள் அவள். மனைவியாகவே வரவேண்டும் என்கிறார் அவர், அதுவும் தேவசித்தம் என்ற பெயரில். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் உழைப்பால் விளைந்த சபைகளின் வழிவந்தவர்கள் இப்பாத்திரத்தை நன்றியோடும் சற்றே அச்சத்தோடும் வாசிப்பது இயல்பு. நூலின் முடிவு காதலர்க்கன்றி இவருக்கே அளிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்நூலில் இந்தியா என்பது வெயிலும் அகால மரணமுமே. இந்தியர் ஒருவரும் வாய்திறப்பதில்லை.

வாய்திறவாத இன்னொருத்தி, மூன்றாம் அடுக்கில் அடைபட்ட பெர்த்தா. ஜமைக்காவில் பிறந்தவள். முப்பதாயிரம் பவுன் வரதட்சணைக்காக ராச்செஸ்டரின் தந்தையும் தமையனும் அவளைப் பேசிமுடித்தனர். அவள் வரலாற்றை நமக்குச் சொல்பவர் அவளைப் பூட்டிவைத்த கணவரே. அவளுடைய சிரிப்பும் உறுமலும் கேட்கின்றன. அவள் சொன்னதாகப் பிறர் கூறுவது உண்டு. அவள் சொல் ஒன்றுகூட நேரே நம் செவிக்கு எட்டுவதில்லை. அவள் வீட்டைக் கொளுத்திக் கூரையிலிருந்து குதித்து மாண்ட செய்தியையும் ஒரு விடுதிக்காரர் வாயிலாகவே அறிகிறோம். ஜீன் ரீஸ் என்னும் பெண் எழுத்தாளர் 1966இல் வேறொரு புதினம் எழுதி இவளுக்கு நாவளித்தார். 1979இல் கில்பர்ட், கூபர் என்னும் இரு பேராசிரியைகள் பெர்த்தாவை ஜேனின் அடக்கப்பட்ட சினமாகக் கண்டனர். நுட்பமான கருத்துத்தான், ஆனால் அதிலும் பெர்த்தா ஜேனின் நிழலாகிறாளேயன்றித் தனி மனுஷி ஆவதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் வாசகர்க்கு இவ்விடத்தில் வேறொரு தீ நினைவுக்கு வராமற் போகாது. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து, மலையேறி, வேங்கை மரத்தின்கீழ் நின்றாள் என்கிறது சிலப்பதிகாரம். கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கோட்டமே அவ்விடம் என்று 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் நிறுவ முயன்றார். ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுநிலவன்று, பளியன்குடி வழியாக மக்கள் அங்கு ஏறிச்செல்கின்றனர்.

பெர்த்தாவின் தீயும் கண்ணகியின் தீயும் ஒன்றல்ல. கண்ணகி முதலில் அவை ஏறினாள். சிலம்பை உடைத்துக் காட்டி வழக்குரைத்தாள். அரசன் தன் பிழையை உணர்ந்து வீழ்ந்தான். பின்னரே நெருப்பு. அந்நெருப்பும் அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு ஏவப்பட்டது. பெர்த்தாவுக்கு ஏற அவையே இல்லை. ஆனால் நம்முடைய காப்பியத்தை மெச்சி இத்துடன் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. கண்ணகி அவையில் கணவனுக்காகப் பேசினாளேயன்றிக் கணவனுக்கு எதிராகப் பேசவில்லை. மாதவியை நாடித் தன்னைக் கைவிட்டவன் கோவலன். அவ்வழக்கு எந்த மன்றத்திலும் உரைக்கப்படவில்லை. பத்தினி என்னும் தொல்படிமம் அவளை அதைச் சொல்லவிடாது. பித்துப்பிடித்தவள் என்னும் தொல்படிமம் பெர்த்தாவை எதையுமே சொல்லவிடவில்லை.

இது வெறும் இலக்கிய ஆராய்ச்சியன்று. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டத்தின்படி, கணவனின் விபசாரத்தை மட்டும் காட்டிக் கிறிஸ்தவ மனைவி விடுதலை பெற இயலாது. கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருக்கவேண்டும். கணவனுக்கோ மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். 2001ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வேற்றுமையை நீக்கியது. அதே திருத்தம், இரண்டாண்டுகளுக்குக் குறையாது நீடித்த தீராத மனநோயையும் மணமுறிவுக்குக் காரணமாகச் சேர்த்தது. நோய் உண்மையாயின் மருத்துவர் சொல்லட்டும். ஆனால், “அவளுக்குப் புத்தி சரியில்லை, ஐயா” என்று கணவரும் அவர் உறவினரும் ஆயர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, மருத்துவச் சான்று எவர் கையிலும் இருப்பதில்லை. ராச்செஸ்டரும் இப்படித்தான் கண்ணீரோடு சொன்னார். நாமும் அவருக்காக இரங்கினோம். விசாரியாமல் ஒருவனைக் குற்றவாளியாகத் தீர்க்கலாமா என்று நிக்கொதேமு ஆலோசனைச் சங்கத்தாரிடம் எழுப்பிய வினா (யோவான் 7:50–51) சேகரக் கமிட்டிக்கும் உரியது. அப்பெண்ணை அழைத்து, கணவர் இல்லாத இடத்தில், ஆயரம்மாவோ சபையின் மூத்த சகோதரி ஒருவரோ உடனிருக்கக் கேட்டபின்பே அக்கமிட்டி எதையும் தீர்மானிக்கவேண்டும்.

பெர்த்தா மாண்ட பிறகு ஜேன் திரும்பி வந்து ராச்செஸ்டரை மணக்கிறாள். அத்திருமணத்தில் போதகரும் சபை எழுத்தரும் இருந்ததைப் புதினம் மறவாமல் குறிப்பிடுகிறது. பெர்த்தாவை யார் அடக்கம் செய்தனர், அக்குழியருகே எந்தப் போதகர் ஜெபித்தார் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.