பத்து ஸ்லைடரில் பெய்யும் மழை

தூக்கத்துக்கும் தியானத்துக்கும் மழைச் சத்தம் தரும் ஆப்கள் பலவற்றுக்கும் ஒரே வியாதி: சில நிமிட ஒலிப்பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டுவது. இடி எங்கே உறுமும், காகம் எப்போது கரையும் என்று காது மனப்பாடம் செய்துவிடும். பிறகு அந்தக் காகத்துக்காகக் காத்திருக்கும். தூக்கம் எங்கே வரும்?

பெல்ஜியப் பொறியாளர் ஸ்தெஃபான் பிஜோன் 2013இல் தொடங்கிய மைநாய்ஸ் தளம் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகுகிறது. மழையைப் பத்து ஸ்லைடர்களாகப் பிரித்து வைத்திருக்கிறார். இடது ஓரத்தில் அடிவயிற்றை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலி, வலது ஓரத்தில் சன்னமான சரசரப்பு. எது எவ்வளவு வேண்டுமோ, நாமே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். 'அனிமேட்' பொத்தானை அழுத்தினால் ஸ்லைடர்கள் தாமாகவே மெல்ல நகர, மழையும் வலுத்துத் தணியும்.

விளையாட்டுப் பொருள் போலத் தெரிந்தாலும் காரியம் இருக்கிறது. ஒரு சத்தத்தை இன்னொரு சத்தம் மறைக்க, இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இருக்கவேண்டும். பக்கத்து வீட்டு டிவி வசனம் தொல்லையா? நடு ஸ்லைடர்களை ஏற்றுங்கள். மொத்த வால்யூமைக் கூட்டத் தேவையில்லை. தெருவில் லாரி உறுமுகிறதென்றால் இடது ஓரம். ஆனால் போன் ஸ்பீக்கரை நம்பி அதில் இறங்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த ஒலி வரவே வராது. நல்ல இயர்போனோ கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரோ வேண்டும். எதுவும் இல்லையா, சீலிங் ஃபேனே போதும். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது காதளவு பார்க்கும் வசதி. ஒவ்வொரு ஸ்லைடரின் ஒலியும் கேட்டும் கேளாமலும் இருக்கும் அளவில் அதை நிறுத்தினால், அதற்கேற்ப ஒலியைத் திருத்திக் கொடுக்கிறது. வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஒலிகள்தான் என்பதால், ஐம்பதைத் தாண்டியவர்கள் கட்டாயம் செய்துபார்க்கவேண்டும். தேவைப்படுவது அமைதியான அறை மட்டுமே. நம் ஊரில் அதற்கு நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும்!

தளத்தில் விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. திரை அழகு சுமார்தான். ஒலிப் பட்டியலோ தலைசுற்றும் அளவு நீளம். புதியவர்கள் மழையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடலாம்.

தியானத்துக்கு என்றால் கொஞ்சம் யோசிப்பேன். கிண்ண மணி ஓசைகளும் இதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு மணியும் கவனத்தைப் பிடித்து இழுக்கிறது. மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தவர் மணியைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார். 'அனிமேட்'டை அணைத்து, வெறும் இரைச்சலைத் தாழ்வாக வைத்தால் உட்கார வசதியாக இருக்கிறது. எப்படிக் கேட்டாலும் வால்யூமில் கவனம் தேவை: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவில் இரவு முழுக்க இயர்போனோடு தூங்குபவர் ஒரே வாரத்தில் அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார்.